பை பிடித்த இடம்

ஏப்ரல் 3

அன்புள்ள மிளகுக்கு,

அத்தை எழுதுகிறேன். இங்கே நான் வேலைக்குப் போகிறேன், வருகிறேன், சோறு இறங்குகிற அளவுக்குச் சாப்பிடுகிறேன். உனக்குக் காய்ச்சல் என்று உன் அப்பா சொன்னான். புது ஊர், புது வேலை, மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே.

போனில் பேசினால் நீ அழுகிறாய், நானும் அழுகிறேன், வைத்துவிடுகிறோம். கடிதம் என்றால் அழுது முடித்துவிட்டு எழுதலாம். மூன்றாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, கோழி கிளறின மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

கேட்க வந்தது ஒன்றுதான். நாலு பெண்கள் தீவுக்குப் போனீர்கள், மூன்று பேர் வந்தீர்கள். தண்ணீர் என் மகள் குச்சியை எப்படிக் கொண்டுபோயிற்று என்று எல்லாரும் சொல்லிவிட்டார்கள். அந்த நாள் எப்படிப் போயிற்று என்று ஒருத்தரும் சொல்லவில்லை. காலையில் என்ன சாப்பிட்டாள்? சிரித்தாளா? செருப்புக் கடித்ததா? புதுச் செருப்பு அது. ஒன்றுவிடாமல் எழுது.

உன் அத்தை

---

ஏப்ரல் 20

அன்புள்ள அத்தைக்கு,

காய்ச்சல் போய்விட்டது. நீங்கள் இரவு வேலையை விட்டுப் பகல் வேலைக்கு மாறிவிட்டதாக அப்பா சொன்னார். நல்லது. முழங்கால் வலிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா?

குச்சி அன்றைக்கு ரொம்பச் சந்தோஷமாக இருந்தாள் அத்தை. முதல் படகில் போனோம். அதுதான் மலிவு. எல்லாப் பையையும் முன்னால் குவித்து மேலே தார்ப்பாய் போட்டுவிடுவார்கள், ஆட்கள் எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். குச்சி ஒரு மீன்கூடைமேல் உட்கார்ந்து, "முதல் வகுப்பு டிக்கெட் எடுத்தவங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க"ன்னு கத்தினாள். படகே சிரித்தது.

இறங்கினதும் ஆட்டோக்காரர்கள் சூழ்ந்துகொண்டார்கள். அவள்தான் பேரம் பேசினாள். கடைசியில் பேசின விலைக்கும் ஏறாமல், "அண்ணே, நடந்தா உடம்புக்கு நல்லதாமே"ன்னு சொல்லி நடக்க வைத்தாள். மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாளே எங்கள் தோழி, அவள் வழியெல்லாம் குச்சியைத் திட்டிக்கொண்டே வந்தாள். என் அறைத்தோழிக்குக் காலில் கொப்புளம். குச்சிக்குச் செருப்புக் கடிக்கவில்லை அத்தை. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் நடந்தாள்.

ரொட்டியும் வாழைப்பழமும் கொண்டுபோயிருந்தோம். மலைக்குப் பின்னால் ஒரு ஊற்று, அங்கே ஒரு பெரிய பாறை. அதன்மேல் உட்கார்ந்து சாப்பிட்டோம். உணவுப் பை அவளிடம்தான் எப்போதும். எங்களிடம் கொடுத்தால் வழியிலேயே தின்றுவிடுவோமாம். பகிரும்போது தனக்குக் கடைசியாக எடுத்துக்கொண்டாள். "அம்மாவ ஒரு தடவ இங்க கூட்டிட்டு வரணும்"னு சொன்னாள்.

இவ்வளவுதான் அத்தை. உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிளகு

---

ஏப்ரல் 27

மிளகுக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். முழங்கால் அப்படியேதான்.

மீன்கூடை படித்துவிட்டுச் சிரித்தேன். சிரித்துவிட்டு என் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது.

ஆனால் நீ மத்தியானச் சாப்பாட்டோடு நிறுத்திவிட்டாய். சாயங்காலம் என்று ஒன்று அந்தத் தீவில் வரவில்லையா?

இங்கே நடப்பதைச் சொல்கிறேன், கேள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் என் பக்கத்தில் நின்று போர்வை மடிப்பவள் இருக்கிறாளே, அவள் மகள் தோழிகளோடு எங்கேயோ போகிறேன் என்று கேட்டிருக்கிறாள். போன வாரம் நான் ஈரத்துணி வண்டியைத் தள்ளிக்கொண்டு வருகிறேன், இவள் போனில் கத்துகிறாள்: "போ, போ. சொல்பேச்சு கேக்காம போனாளே ஒருத்தி, அவள மாதிரி பொணமா வா." என்னைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள். எனக்குக் கேட்டுவிட்டது.

என் மகளைக் காட்டி ஊரில் பிள்ளைகளை அடக்குகிறார்கள் மிளகு. பேப்பரிலும் அப்படித்தான் வந்தது. படகில் ஏற மறுத்துக் குளித்துக்கொண்டிருந்தாளாம். செத்தவள் வந்து இல்லை என்று சொல்லப் போகிறாளா?

அவள் பை இங்கே என் கட்டிலுக்கடியில் இருக்கிறது. குளிக்கிற உடுப்பு அதற்குள்தான் இருக்கிறது. துண்டும் இருக்கிறது. போனும் இருக்கிறது. எல்லாம் காய்ந்து கிடக்கிறது. குளிக்கப் போனவள் குளிக்கிற உடுப்பைப் பையில் விட்டுவிட்டா போவாள்? பை மட்டும் எப்படிப் படகேறி வந்தது?

சாயங்காலத்தை எழுது.

அத்தை

---

மே 30

அன்புள்ள அத்தைக்கு,

நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாமதத்துக்கு மன்னிக்கவும். கடையில் கணக்கெடுப்பு நடக்கிறது. இங்கே ஒரே வெயில், தண்ணீர் ஒருநாள் விட்டு ஒருநாள்தான். அங்கே மழை உண்டா? மெஷினில் உங்கள் கை பட்டுக் கொப்புளம் வந்ததே, ஆறிவிட்டதா?

நான் அன்றைக்குப் படகுத்துறை அலுவலகத்தில் சொன்னதுதான் அத்தை. கூப்பிட்டோம், அவள் வரமாட்டேன் என்றாள். பையை முன்னாலேயே ஏற்றிவிட்டோம். அவள் பிடிவாதம் உங்களுக்கே தெரியும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மிளகு

---

ஜூன் 8

மிளகுக்கு,

கை ஆறிவிட்டது. மழை இல்லை. உன் ஊர்த் தண்ணீரை விடு.

அவள் பிடிவாதம் எனக்குத் தெரியுமா? தெரியும். ஆறு வயதில் உன் பொம்மை கிணற்றில் விழுந்தது என்று, எடுத்துக் கொடுத்தால்தான் சாப்பிடுவேன் என்று உட்கார்ந்தவள். அடுத்தவருக்காகப் பிடிவாதம் பிடிப்பாளே தவிர, தனக்கென்று ஒரு நாளும் பிடித்ததில்லை. படகு நிறைய ஜனம் காத்திருக்க, நான் குளிக்க வேண்டும் என்று நின்றாளா என் மகள்? பஸ்ஸில் எழுந்து எழுந்தே கிழவிகளுக்கு இடம் கொடுத்து, நின்றே ஊர்வந்து சேர்கிறவள்?

நீ எழுதினது உன் எழுத்து மாதிரி இல்லை. யாரோ சொல்லச் சொல்ல எழுதின மாதிரி இருக்கிறது. ரொட்டியை எப்படிப் பகிர்ந்தாள் என்பதை ஒரு பக்கம் எழுதின கை, செத்ததை ஒரு வரியில் முடிக்குமா?

எனக்குக் கோபம் வருகிறது. வந்துகொண்டே இருக்கிறது. துணி தேய்க்கிற சூட்டுப்பலகையை அழுத்துகிறபோது, இன்னும் கொஞ்சம் அழுத்தினால் என்ன என்று இருக்கிறது. இன்றைக்கு ஒரு தலையணை உறையைக் கருக்கிவிட்டேன். மேற்பார்வைக்காரர் பார்த்தார். பாவம் என்று விட்டுவிட்டார். அந்தப் பாவம்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

பதில் போடு.

அத்தை

---

ஜூலை 15

அன்பு அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. நாங்கள் நலம், உன் நலம் அறியத்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா, பிள்ளைக்கு இனிமேல் கடிதம் போடாதே. உன் கடிதம் வந்த நாளெல்லாம் அவள் சாப்பிடுவதில்லை. வேலையில் இரண்டு தடவை மயங்கி விழுந்துவிட்டாள். உனக்கு இருந்தது ஒன்று, போய்விட்டது. எனக்கு இருப்பதும் ஒன்று. அதையும் இழுத்துக்கொண்டு போகாதே.

போன உயிர் எப்படிப் போனால் என்ன? யார் என்ன சொன்னால் உனக்கென்ன? நாலு நாள் பேசுவார்கள், மறந்துவிடுவார்கள். நீயும் எங்களோடு வந்து இரு. முன்னறையை உனக்காக ஒழித்து வைத்திருக்கிறேன்.

தம்பி

---

ஜூலை 23

தம்பிக்கு,

உன் நலமெல்லாம் இருக்கட்டும்.

"எப்படிப் போனால் என்ன" என்று எழுத உனக்குக் கை வந்ததே. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரிந்த மாமன் நீ. மறுநாள் விடிந்ததும் அந்தத் தீவுக்கு முதலில் போனவனும் நீ. நான் வரும்வரை கூடக் காத்திருக்காமல் துறை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முடித்தவனும் நீதான். அன்றைக்கு அதை உதவி என்று நினைத்தேன். இப்போது என்னவென்று நினைப்பது?

முன்னறை வேண்டாம். நான் தீவுக்குப் போகிறேன். அவர்கள் போன அதே முதல் படகில், அதே மாதிரி நடந்து. அழைத்துப்போகிறேன் என்று அவள் சொன்னாளாம். அவள் இல்லாவிட்டால் என்ன, எனக்குக் கால் இருக்கிறது.

மிளகிடம் சொல்லிவிடு.

அக்கா

---

ஆகஸ்ட் 19

மிளகுக்கு,

போய்விட்டு வந்துவிட்டேன். முழங்கால் வீங்கியிருக்கிறது, காலை நீட்டி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். நீ சாப்பிடு. சாப்பிட்டுவிட்டு இதைப் படி.

அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டுதான் போனேன். படகில் எல்லாம் உங்கள் வயதுப் பிள்ளைகள், அவனவன் முதுகில் ஆள் உயரத்துக்குப் பை. ஒரு பையன் கேட்டான், "ஆன்ட்டி, நீங்களும் சுத்திப்பாக்கவா?" "ஆமாம்பா, எம்மக விட்டுப்போன ஊரு"ன்னேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. ஒரு ஆரஞ்சு கொடுத்தான்.

நீ எழுதின மாதிரியே எல்லாம் இருந்தது. ஆட்டோக்காரர்கள், மணல், ஊற்று, பாறை. அந்தப் பாறைமேல் உட்கார்ந்து ரொட்டி தின்றேன். அழகான இடம்தான். அது அழகாக இருந்ததற்கே எனக்கு ஆத்திரம் வந்தது.

பிறகு துறைக்கு வந்து படகுக்காரனைப் பிடித்தேன். நான் யார் என்று சொன்னதும் எகிறினான்.

"எத்தன பேரும்மா வருவீங்க? போலீசு, பேப்பரு, இப்ப நீங்க. நான் என்ன பண்ணேன்?"

"நீ ஒண்ணும் பண்ணலப்பா. ஒரு ஆள விட்டுட்டு எப்படிக் கிளம்புனேன்னு மட்டும் சொல்லு."

"நான் தலைய எண்ணுறதில்லம்மா. எண்ண முடியுமா சொல்லுங்க? ஒருத்தன் மேல ஏறுவான், ஒருத்தன் பின்னால போய் வாந்தி எடுப்பான், நாலு பேர் போட்டோ புடிப்பான். நான் பைய எண்ணுவேன். காலையில முப்பத்தொண்ணு எறங்குச்சு, சாயங்காலம் முப்பத்தொண்ணு ஏறுச்சு. கயித்த அவுத்தேன். பைய விட்டுட்டு எவனும் இருக்க மாட்டான்ல?"

"அவ ஏறமாட்டேன்னு சொன்னாளாமே?"

"யாரு சொன்னா? அப்படி யாருமே சொல்லல. துறையில அப்ப ஏறுறதுக்கு ஒரு ஈ காக்கா கூட இல்ல. எல்லாரும் ஏறிட்டாங்கன்னுதான் நெனச்சேன்." கொஞ்ச நேரம் கயிற்றைச் சுற்றிக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான். "பாதி வழியில ஒரு பொண்ணு எந்திரிச்சு நின்னுச்சும்மா. குள்ளமா. சுத்திச் சுத்திப் பாத்துச்சு. பின்னால இருந்தவனுங்க கத்துனானுங்க, உக்காரு, படகு ஆடுது, கடைசி பஸ்ஸ விட்டுருவோம்னு. நான் கேட்டேன், என்னம்மான்னு. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டு உக்காந்துடுச்சு."

துறையில் ஒரு அம்மா டீ விற்கிறாள். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. அவள்தான் கடைசியாகப் பார்த்தவள்.

"மூச்சு வாங்க ஓடி வந்துச்சும்மா உம்பொண்ணு. கையில ஒரு மஞ்சத் தொப்பி. படகு அந்தா போயிட்டிருக்கு. தொப்பிய ஆட்டிக்கிட்டே, டேய் எம் பை போகுதுன்னு கத்திச் சிரிக்குது. நான் சொன்னேன், இனி காலையிலதான் படகு, எங்கூட வந்து படுத்துக்கன்னு. இல்லக்கா, மிளகு இருக்கா, என்னக் காணோம்னா படகையே திருப்பிருவான்னுச்சு. அங்க நின்னாத்தான் கண்ணுக்குத் தெரியும்னு மணல்திட்டு முனைக்குப் போச்சு. நான் கடையக் கட்டிட்டு, வந்துருவாங்கன்னு நானும் நம்பிட்டுப் போயிட்டேன்."

அந்த மணல்திட்டைப் பார்த்தேன். நாக்கு மாதிரி கடலுக்குள் நீண்டிருக்கிறது. தண்ணீர் ஏறினால் முதலில் கரைப்பக்கம்தான் முழுகுமாம். முனையில் நிற்கிறவருக்குப் பின்னால் வழி போனதே தெரியாதாம்.

மறுநாள் அந்த அம்மா மணலில் கிடந்த தொப்பியை எடுத்துக் கடை ஆணியில் மாட்டி வைத்திருக்கிறாள். யாராவது கேட்டு வருவார்கள் என்று. நான் வாங்கி வந்துவிட்டேன். அது உன் தொப்பி. நான் உனக்கு வாங்கிக் கொடுத்தது.

என் மகள் சொல்பேச்சு கேட்காமல் சாகவில்லை. நீ வருவாய் என்று நின்று செத்தாள்.

அத்தை

---

செப்டம்பர் 12

மிளகுக்கு,

உடம்பு எப்படி இருக்கிறது என்று இந்தத் தடவை கேட்கவில்லை.

எழுந்தவள் ஏன் உட்கார்ந்தாய்?

அத்தை

---

அக்டோபர் 25

அத்தைக்கு,

நான் நலமாக இல்லை. நீங்கள் நலமா என்று கேட்க எனக்கு வாயும் இல்லை.

இதை அப்பாவுக்குத் தெரியாமல் எழுதுகிறேன்.

தொப்பியைப் பாறையில் விட்டுவிட்டு வந்தது நான். துறைக்கு வந்தபிறகுதான் தெரிந்தது. போனால் போகிறது என்றேன். குச்சி, "எங்கம்மா வாங்கிக் குடுத்ததுடி, நீ விட்டாலும் நான் விடமாட்டேன், ஓடிட்டு வர்றேன்"னாள். நான்தான் அவள் பையைக் கழற்றி வாங்கிக்கொண்டேன். "சீக்கிரம் வா, உனக்கு இடம் பிடிச்சு வைக்கிறேன்"னு சொன்னேன். என் பக்கத்தில் யாரும் உட்காராமல் அவள் பையை வைத்தேன். படகுக்காரர் வந்து அதையும் எடுத்துக் குவியலில் போட்டுவிட்டார். கூட்டம் நெருக்கி என்னை நடுவே தள்ளிவிட்டது. மருந்துக்கடைக்காரி பின்னால் கையைக் காட்டி, "அவ அங்க மேல ஏறிட்டா போல"ன்னாள். நான் நம்பினேன்.

பாதி வழியில் எழுந்து பார்த்தேன். மேலே அவள் இல்லை. எல்லாரும் கத்தினார்கள் அத்தை. அத்தனை பேர். ஒருத்தன் கெட்ட வார்த்தை சொன்னான். எனக்கு முகமெல்லாம் எரிந்தது. என்னம்மா என்று கேட்டபோது, படகைத் திருப்புங்கள் என்று சொல்ல வாயைத் திறந்தேன். ஒண்ணுமில்ல என்றுதான் வந்தது. உட்கார்ந்துவிட்டேன். அவளுக்கு எதுவும் ஆகாது, அவள் சமாளிப்பாள், அவள் குச்சி என்று நினைத்தேன். அக்கரையில் இறங்கின பிறகு அலுவலகத்தில் சொன்னேன். காற்று ஏறிவிட்டது, இனி காலையில்தான் என்றார்கள்.

மறுநாள் அப்பா வந்தார். அவர்தான் சொன்னார், "வரமாட்டேன்னு அவளே சொன்னான்னு சொல்லிடு. இல்லன்னா உம்மேல கேஸ் வரும். அக்கா உன்ன உயிரோட விடமாட்டா." நான் சொன்னேன்.

உங்கள்மேலும் எனக்குக் கோபம் இருக்கிறது அத்தை. இதையும் எழுதிவிடுகிறேன். பஸ் வந்து நிற்குமுன்னே ஜன்னல் வழியாகப் பையை எறியச் சொல்லிக் கொடுத்தது யார்? "பை விழுந்தா இடம் நம்மளுது, ஆள் மெதுவா வந்தாப் போதும்"னு எங்கள் இரண்டு பேரையும் பழக்கினது நீங்கள்தான். அந்தப் பையை வைத்துவிட்டதால்தான் அவளே வந்துவிட்ட மாதிரி எனக்கு இருந்தது.

இனி என்னை என்ன வேண்டுமானாலும் செய்யுங்கள்.

மிளகு

---

நவம்பர் 2

மிளகுக்கு,

கடிதம் கிடைத்தது. படித்துவிட்டு, சலவைக்கூடத்தில் துவைத்த போர்வையையே மறுபடியும் துவைத்துக்கொண்டு நின்றேன்.

ஆமாம், நான்தான் பழக்கினேன். இரண்டு கையிலும் உங்களைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் ஏற முடியாதவள், வேறு எப்படி உங்களை உட்கார வைத்துக் கூட்டிப்போவது? பையைப் போட்டு இடம் பிடி என்று சொன்னேன். ஆள் வராமல் பஸ் கிளம்பினால் என்ன செய்வோம், மறந்துவிட்டாயா? தகரத்தைத் தட்டிக் கத்துவோம். ஒருதடவை செருப்பு வாங்க நான் பின்தங்கினபோது, நீதான் டிரைவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "எங்கத்த வரல, நிறுத்துடா"ன்னு சொன்னாய். உனக்கு ஏழு வயது. பஸ்ஸே சிரித்தது. நீ வெட்கப்படவில்லை. குச்சிக்கு அந்த மிளகுதான் தெரியும். அதனால்தான் முனைக்குப் போய் நின்றாள்.

உன்னைக் கொல்ல மாட்டேன். உன் அப்பனிடம் சொல், அவன் அக்காவை அவனுக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. மன்னித்துவிட்டேன் என்றும் எழுத மாட்டேன். பொய் சொல்லிப் பழக்கமில்லை. உன்மேல் இருக்கிற கோபம் எனக்குப் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. அதோடுதான் இனி நாம் அத்தையும் மருமகளுமாக இருக்க வேண்டும்.

ஆனால் என் மகள் பேரை நீ திருப்பிக் கொடுக்க வேண்டும்.

லீவு போட்டுவிட்டு வா. உன் அப்பனும் வரட்டும். முதலில் துறை அலுவலகத்துக்குப் போவோம், இரண்டு பேரும் கொடுத்த வாக்குமூலத்தை மாற்றி எழுதிக் கொடுங்கள். கேஸ் வந்தால் வரட்டும், நான் கூட வருகிறேன். பிறகு சலவைக்கூடம். டீ நேரத்தில் மெஷினை நிறுத்துவார்கள், அப்போது பேசினால் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும். மேற்பார்வைக்காரரிடம் கேட்டுவிட்டேன். போர்வை மடிப்பவளை அன்றைக்கு லீவு போடக் கூடாது என்று சொல்லி வைத்திருக்கிறேன். பாறையில் விட்ட தொப்பியிலிருந்து ஆரம்பி. ஒண்ணுமில்ல என்றதையும் சொல். யாராவது முணுமுணுப்பார்கள், யாராவது கெட்ட வார்த்தை கூடச் சொல்வார்கள். சொல்லட்டும்.

தொப்பி வாசல் ஆணியில் மாட்டியிருக்கிறது. வரும்போது அதைத் தலையில் வைத்துக்கொண்டுதான் என்கூட நடக்க வேண்டும்.

அங்கே பெஞ்சு இருக்கும். யாராவது இரக்கப்பட்டு உட்காரம்மா என்பார்கள். நான் எதிரே நின்று பார்த்துக்கொண்டிருப்பேன். நீ முடிக்கிறவரைக்கும் உட்காரக் கூடாது.

அத்தை